விலை போடாத மெனு கார்டு

திருமண நாளன்று இரவு எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் ஒரு தத்துவக் கேள்வியா என்று கேட்டால் நியாயமாகச் சிரிக்கலாம். ஒரு வேளைச் சோற்றுக்கு அல்லாடுகிறவர்கள் இருக்கும் உலகத்தில் இது வசதி வந்தவனின் கவலை. அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் நம்முடைய பழக்கங்கள் யாரும் கவனிக்காமல் நடமாடுவது இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான். வீடு வாங்கும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுகிறோம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு யார் முடிவெடுத்தார், யாருடைய நாக்கை நினைத்து எடுத்தார், விலையை யார் பார்த்தார் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அதனால் ஒரு குடும்பம் உள்ளபடிக்கு எப்படி நடக்கிறது என்பது ஹோட்டல் மேசையில் தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு எங்களுடைய பத்தாவது திருமண நாள், நாங்கள் பாரிஸில் தங்கியிருந்த ஐந்து நாட்களுக்கு நடுவில் வந்தது. எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் ஐரோப்பியப் பயணம். வீட்டுக் கடனுக்கு இன்னும் பதினோரு ஆண்டுகள் பாக்கி இருக்கும்போது திரும்பவும் இங்கே வருவோம் என்று சொல்ல முடியாது. ஆக, ஒரே ஒரு இரவு. ஆயிரக்கணக்கான உணவகங்கள் உள்ள நகரம். அந்த இரவைச் சாக்காக வைத்து நான் யோசித்தது இதுதான்: இன்னொருவருக்காக நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நல்ல தேர்வு என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

பதில் சொல்ல மூன்று தரப்பு இருக்கிறது. நட்சத்திரம் போடும் அந்நியர்கள் ஒரு தரப்பு. அன்பின் பேரில் தனியாக முடிவெடுக்கும் நான் இன்னொரு தரப்பு. சேர்ந்து முடிவெடுக்கும் நாங்கள் மூன்றாவது.

*

முதலில் அந்நியர்கள். உணவகத்துக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது ஒரு டயர் கம்பெனி. 1900இல் மிஷெலின் சகோதரர்கள் ஒரு கையேட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது பிரான்ஸில் ஓடிய கார்கள் சில ஆயிரம்தான். வண்டிக்காரர்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புதுசு வாங்குவார்கள் என்பது கணக்கு. 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது. 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை வந்தது. அந்தப் படிநிலைக்குச் சொல்லப்படும் பொருளைப் பாருங்கள். இரண்டு நட்சத்திரம் என்றால், போகும் வழியை விட்டுக் கொஞ்சம் சுற்றிப் போனாலும் தகும். மூன்று என்றால், அதற்காகவே ஒரு பயணம் கிளம்பலாம். அதாவது, சாப்பாட்டின் தரத்தைத் தூரத்தால் அளந்திருக்கிறார்கள். டயர்காரனின் அளவுகோல் அப்படித்தானே இருக்கும்!

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. எந்த மதிப்பெண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் தேவை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இன்று நம் கைபேசியில் தெரியும் 4.6, 4.7 ஆகியவையும் அப்படித்தான். அந்தப் பின்னத்தில் பசியோடு வந்தவன், காதலியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், பார்க்கிங் கிடைக்காமல் எரிச்சலானவன் எல்லாரும் கலந்திருக்கிறார்கள். பல ஆயிரம் பேருடைய மாலை நேரங்களைக் கூட்டி வகுத்த சராசரி அது. சில சமயம் அந்த மாலைகளே நடந்திருக்காது. 2017இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் லண்டனில் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களை விட்டுப் பொய்யான விமர்சனங்களை எழுத வைத்தார். சில மாதங்களில் அது லண்டனின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அங்கே உணவகமே இல்லை. மேசை கேட்டு மட்டும் தொடர்ந்து போன் வந்துகொண்டிருந்தது.

ஆனால் பொய் விமர்சனம் சுலபமான எதிரி. கஷ்டமான கேள்வி, விமர்சனம் உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்பது. டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் கிஹோத்தே நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவை இரண்டு பேர் ருசி பார்க்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது, தோல் வாரில் கோத்த ஒரு சாவி.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். தேர்ந்த நாக்கு என்று ஒன்று நிஜமாகவே உண்டு. எல்லாம் அவரவர் விருப்பம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. மிஷெலின் ஆய்வாளர் சொன்னால் அந்தக் குழம்பு அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு பேரும் சொன்னது மதுவைப் பற்றி. அதை யாரோடு, எந்த நாளில் குடிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பத்து வருடம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டு பேர் பாரிஸில் ஒரு இரவு எதிரெதிரே உட்காருவதற்கு எது பொருத்தம் என்ற கேள்விக்கு, எந்த நிபுணரின் பீப்பாய்க்குள்ளும் சாவி கிடையாது.

*

அடுத்து, என் தொழில் சொல்லித்தரும் வழி. மென்பொருள்காரனிடம் ஒரு தேர்வைக் கொடுத்தால் அல்காரிதம் தேடுவான். இதற்கென்றே ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு. மார்ட்டின் கார்ட்னர் 1960இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் எழுதிய பிறகு பரவலானது. நூறு வாய்ப்புகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒன்றை விட்டால் திரும்பக் கிடைக்காது. அதில் ஆகச் சிறந்ததைப் பிடிக்க வேண்டும். முதல் 37ஐ வெறுமனே பார்த்துவிட்டு விட்டுவிடு, அதற்குப் பிறகு, பார்த்த எல்லாவற்றையும்விட நல்லதாக எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள் என்பது விடை.

இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதன் பின்பாதியைச் சொல்வதில்லை. இவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் ஆகச் சிறந்தது கையில் சிக்குவதற்கான வாய்ப்பும் சுமார் 37 சதவீதம்தான். மிச்சம் 63 தடவை தவறிப்போகும். அதுவும் இருப்பதிலேயே நல்ல உத்தியில்! ‘ஆகச் சிறந்தது ஒன்றுதான் வேண்டும், மற்றதெல்லாம் தோல்வி’ என்று கணக்கை அமைத்தால் கணிதமே நம்மைப் பெரும்பாலும் தோற்கடித்துவிடும்.

ஹெர்பெர்ட் சைமன் இதிலிருந்து வெளியே வர ஒரு வழி சொன்னார். 1978இல் பொருளாதார நோபல் பெற்றவர். கணினி அறிவியல்காரர்களும் எங்களவர் என்று உரிமை கொண்டாடும் ஆள். மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, ‘போதும்’ என்கிற ஒரு கோட்டை வைத்துக்கொண்டு அதைத் தாண்டும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்கிறார்கள், அதுவே அறிவுள்ள செயல்தான் என்றார். எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கோட்டை யார் போடுவது? எனக்கு மட்டும் என்றால் நானே போட்டுக்கொள்வேன். இன்னொருத்திக்கும் சேர்த்து என்றால்? அவளுக்கு எவ்வளவு போதும் என்று நான் எப்படிச் சொல்வது? கணக்கு முடிந்து அறம் தொடங்கும் இடம் அதுதான்.

*

பயணத்துக்கு முன்னால் ஒரு நண்பனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு இதில் குழப்பமே இல்லை. “சர்ப்ரைஸா பண்ணுடா. நல்ல பெரிய இடமா பாத்து புக் பண்ணிடு. போய் உக்கார்ற வரைக்கும் சொல்லாத. விலைய மட்டும் அவ கண்ணுல காட்டிடாத.”

கடைசி வாக்கியம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் விலையைக் காட்டாமல் இருப்பதற்கு உணவகங்களே ஒரு ஏற்பாடு வைத்திருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய உணவகங்களில் பெண்களுக்கென்று தனி மெனு கார்டு கொடுக்கும் வழக்கம் இருந்தது. பதார்த்தங்களின் பெயர்கள் இருக்கும், விலை இருக்காது. விலை போட்ட கார்டு ஆணின் கையில். 1980இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஹாலிவுட்டில் ஒரு பெண், தன் தொழில் கூட்டாளியான ஆணைத் தன் செலவில் விருந்துக்கு அழைத்துப் போனார். விலை போட்ட கார்டு அவருக்கு வந்தது, விலை இல்லாதது இவருக்கு வந்தது. வழக்குத் தொடுத்தார், அந்த உணவகம் வழக்கத்தைக் கைவிட்டது. ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019இல் பெருவின் தலைநகர் லிமாவில் ஒரு பிரபல உணவகத்துக்கு இதே காரணத்துக்காக நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு சுமார் 62,000 டாலர் அபராதம் போட்டது. பெண்கள் செலவைப் பற்றிய நினைப்பில்லாமல் துணையோடு ஒரு இனிய மாலையைக் கழிக்கட்டும் என்றுதான் செய்தோம் என்றது உணவகம்.

இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட முடியாது. காரணம் என் அம்மா.

அம்மா மெனு கார்டை வலப்பக்கத்திலிருந்து படிப்பாள். முதலில் விலை, அப்புறம் பெயர். கும்பகோணத்தில் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனால் அப்பாதான் எல்லாருக்கும் ஆர்டர் சொல்வார். அம்மாவின் முறை வரும்போது, “எனக்கு ஒண்ணும் பெருசா பசிக்கல, ரெண்டு இட்லி போதும்” என்பாள். தங்கச்சி மீதம் வைத்த ரவா தோசையை அப்புறம் அவள்தான் சாப்பிடுவாள். பசிக்காமல் எப்படி இருக்கும்? அவள் கண் விலையில் இருந்தது. அந்த எண்களை யாராவது மறைத்திருந்தால், அன்றைக்கு ஒரு நாளாவது தனக்குப் பிடித்ததைக் கேட்டிருப்பாளோ? விலை போடாத கார்டு என் அம்மாவுக்கு ஒரு விடுதலையாக இருந்திருக்குமோ?

ரொம்ப நாள் யோசித்த கேள்வி இது. இருந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அம்மா குறைத்துக்கொண்டது விலை தெரிந்ததால் இல்லை. அந்தப் பணத்தில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லாததால். எண்ணை மறைத்திருந்தால் இன்னும் பயந்திருப்பாள். கண்ணுக்குத் தெரியாத விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாமே! அவளுக்குத் தேவைப்பட்டது எண் இல்லாத கார்டு அல்ல. ‘நம்ம காசு, உனக்கு என்ன வேணும்?’ என்று ஒரு குரல். அது இருந்தால் விலையைப் பார்த்துக்கொண்டே ரவா தோசை கேட்டிருப்பாள்.

விலையை மறைப்பவர் அன்பாகத்தான் மறைக்கிறார். ஆனால் அப்போது இரண்டு பேரில் ஒருவர்தான் பெரியவர், மற்றவர் குழந்தை. குழந்தைக்கு நாம் விலை சொல்வதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பத்து வருடம் கூட இருந்தவளை ஒரு இரவுக்குக் குழந்தையாக்குவது பரிசா?

இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டின் பாரிஸில் ரெஸ்டாரண்ட் என்ற சொல் முதலில் ஒரு சூப்பைத்தான் குறித்தது. உடம்பைத் தேற்றும் கறிச்சாறு. அதை விற்ற கடைகளுக்கு அப்புறம் அதே பெயர் நிலைத்தது. அதற்கு முன்பிருந்த சத்திரங்களில் குறித்த நேரத்தில், பொது மேசையில், போட்டதைச் சாப்பிட வேண்டும். இந்தப் புதுக் கடைகள் கொண்டுவந்தது தனி மேசை, வேண்டிய நேரம், விலை அச்சடித்த பட்டியல். விலை தெரிந்து, தானே தேர்ந்தெடுத்துச் சாப்பிடுவது உணவகத்தின் கூடப் பிறந்த குணம். விலை போடாத கார்டு உணவகத்தைத் திரும்பவும் சத்திரமாக்கிவிடுகிறது, ஒரு ஆளுக்கு மட்டும்.

*

ஆகவே சர்ப்ரைஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, மனைவியிடமே கேட்டேன். இருவரும் சம்பாதிக்கிறோம். அவள் வங்கியில் தணிக்கைப் பிரிவு. எண்களைத் துருவுவதே அவள் வேலை. எங்கள் வீட்டில் நான் அவளை ‘நீ’ என்கிறேன், அவள் என்னை ‘நீங்க’ என்கிறாள். சமமாகப் பேசி முடிவெடுத்தோம் என்று எழுதும்போது அந்த ‘ங்க’வையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த இரண்டு எழுத்தின் சரிவு காரணமாக, முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: “நீங்களே பாத்து சொல்லுங்க.” இரண்டாவது முறை கேட்டால்தான் நிஜமான பதில் வரும். இரண்டாவது முறை கேட்டேன்.

அவள் முட்டை சாப்பிடுவாள். கறி, மீன் கிடையாது. பாரிஸில் அது சின்ன நிபந்தனை இல்லை. முதலில் அலேன் பஸ்ஸாரின் ஆர்பேஜ் உணவகத்தைப் பற்றிப் பேசினோம். மூன்று நட்சத்திரம் வைத்துக்கொண்டே 2001இல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் காய்கறிகளை நடுவில் வைத்தவர் அவர். பிரெஞ்சு சமையலில் அது பெரிய துணிச்சல். ஆனால் ஒரு ஆளுக்கே பல நூறு யூரோ. ஒரு யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்து அவள் மனக்கணக்குப் போட்டாள். “நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு வாய்க்கும் நான் கணக்குப் போட்டுக்கிட்டேதான் சாப்பிடுவேன். அது அவர் சமையலுக்குச் செய்யிற அவமரியாதைங்க.”

அடுத்து லா சப்பல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத்தமிழர்களின் கடைத்தெரு. போரிலிருந்து தப்பி வந்தவர்கள் எழுப்பிய இடம். தமிழில் பெயர்ப்பலகை, மரக்கறி கொத்து ரொட்டி, தோசை, பயமில்லாத சாப்பாடு. அவள் சிரித்தாள். “பத்து வருஷமா நான் சுட்ட தோசை. இன்னிக்கும் தோசையா? நாளைக்கு மத்தியானம் போவோம். இன்னிக்கு வேற யாராவது, எனக்குச் செய்யத் தெரியாத ஒண்ணச் செஞ்சு போடட்டும்.”

இந்தப் பதில் எந்த இணையதளத்திலும் கிடைக்காது. எனக்கே அதுவரை தெரியாது. பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. புதிதாக வந்தவர் விருந்தினர். அவள் கேட்டது அந்தப் பழைய பொருளில் ஒரு விருந்து. தன் கை படாத, தனக்குச் செய்யத் தெரியாத ஒன்று. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன: சுற்றி மனிதர்கள் இருக்க வேண்டும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குசுகுசுவென்று பேச வேண்டாம், இதில் என்ன போட்டிருக்கிறது என்று கூச்சமில்லாமல் கேட்க முடிய வேண்டும், விலை தொண்டையில் நிற்கக் கூடாது. என் பங்குக்கு நான் சொன்னது ஒன்றுதான்: கொஞ்சம் வயதான இடமாக இருக்கட்டும்.

இப்படித்தான் பூயோன் ஷார்த்தியேவுக்கு வந்து சேர்ந்தோம். பூயோன் என்றாலும் சாறுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கசாப்புக்காரர் சந்தைத் தொழிலாளிகளுக்கு மலிவாகச் சூடான சாப்பாடு போடத் தொடங்கிய வகைக் கடைகளுக்கு அந்தப் பெயர். ஷார்த்தியே 1896இல் தொடங்கியது. முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே உயரமான பெரிய கூடம், பித்தளைத் தட்டிகள், கண்ணாடிகள். தினம் வந்தவர்கள் தங்கள் துணி நாப்கினை வைத்துப்போன எண் போட்ட மர இழுப்பறைகள் இன்றும் சுவரில் இருக்கின்றன. கூட்டமாக இருந்தால் அந்நியர்களையும் உங்கள் மேசையில் உட்கார வைப்பார்கள். மயோனெய்ஸ் ஊற்றிய அவித்த முட்டை, வினிகர் சாற்றில் ஊறிய லீக்ஸ் தண்டு, வறுத்த உருளைக்கிழங்கு, க்ரீம் அடைத்த பலகாரம். மூன்று நட்சத்திரக்காரர் இதற்குத் தலைகூடத் திருப்ப மாட்டார்.

அங்கே ஒரு வழக்கம். மேசை மேல் விரித்த காகிதத்திலேயே பரிமாறுபவர் பேனாவால் ஆர்டரை எழுதுவார். சாப்பிட்டு முடித்ததும் அதிலேயே விலைகளைப் போட்டுக் கூட்டுவார். பில் தனியாகத் தோல் உறைக்குள் ஒளிந்து ஒருவர் கைக்குப் போவதில்லை. இரண்டு தட்டுகளுக்கும் நடுவில், இருவருக்கும் தெரிகிற மாதிரி எழுதப்படுகிறது. தலைகீழாக இருந்தாலும் என் மனைவி அவருக்கு முன்னாலேயே கூட்டி முடித்துவிட்டாள்.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நானே எனக்குச் சொல்லிக்கொள்வது. எல்லாவற்றையும் பேசி, விலை பார்த்து, ஒப்புதல் வாங்கிச் செய்தால் அது கமிட்டி மீட்டிங் ஆகிவிடாதா? கேட்காமலே புரிந்துகொள்வதுதானே அன்பு?

பாதி சரி. பரிசு என்பது ஒருவர் கொடுப்பது. அதில் ரகசியம் இருக்கலாம், இருந்தால்தான் அழகு. ஒரு புத்தகமோ ஒரு புடவையோ நான் சொல்லாமல் வாங்கலாம். பிடிக்காவிட்டால் அவள் அலமாரியில் வைத்துவிடலாம். ஆனால் திருமண நாள் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் நாள் இல்லை. அன்றைக்குக் கொண்டாடுவது இருவர் சேர்ந்து எடுத்த ஒரு முடிவை. சேர்ந்து எடுத்த முடிவை ஒருவர் மட்டும் முடிவெடுத்துக் கொண்டாடுவது எனக்குப் பொருந்தி வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, நடந்து களைத்து “எங்கயாவது கூட்டிட்டுப் போங்க” என்றாலோ கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் நானே முடிவெடுக்க வேண்டும். அங்கே தேர்வின் சுமையை அவள் தெரிந்தே என்னிடம் தருகிறாள். தந்ததை வாங்கிச் சுமப்பது வேறு, தராததை எடுத்துக்கொள்வது வேறு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கேட்காமலே புரிந்துகொள்வது அன்பு என்பதும் பாதிதான் சரி. கேட்காமல் புரிந்துகொண்டதாக நாம் நினைப்பதில் பெரும்பங்கு நேற்றைய ஆளைப் பற்றியது. பத்து வருடத்தில் மனிதர்கள் மாறுகிறார்கள். ‘அவளுக்கு இதுதான் பிடிக்கும்’ என்ற வாக்கியத்துக்குக் காலாவதி தேதி உண்டு. மறுபடி கேட்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. நீ இன்னும் எனக்குத் தெரிந்து முடிந்துவிட்ட ஆள் இல்லை என்பது.

ஆகவே ஒரு தேர்வு நல்லதா என்று பார்க்க எனக்கு இப்போது இருக்கிற சோதனை எளியது. ஏன் இந்த இடம் என்று எதிரில் இருப்பவர் கேட்டால், விலை உட்பட எல்லாக் காரணத்தையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். அந்தக் காரணங்களில் அவர் இருக்க வேண்டும். ‘4.7 இருந்துச்சு’ என்ற காரணத்தில் அவர் இல்லை. ‘உனக்குச் செய்யத் தெரியாத ஒண்ணு வேணும்னு சொன்னியே’ என்பதில் இருக்கிறார்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. ஹோட்டலுக்குப் போனால் இன்னமும் வலப்பக்கத்திலிருந்துதான் படிக்கிறாள். விலையைக் கையால் மறைத்துக்கொண்டு “எதுனாலும் சொல்லும்மா” என்று விளையாடத் தோன்றும். மறைப்பதில்லை. ரெண்டு இட்லி போதும் என்று அவள் சொல்வதற்கும் ஆர்டர் எடுக்க வந்தவர் அதை எழுதிக்கொள்வதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் இரண்டாவது முறை கேட்டுவிட வேண்டும்.